ஒரு தூக்குவாளி நாலு மணி

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற சாலையோரம், எட்டு வீடும் ஒரு கிணறும் ஒரு முருங்கை மரமுமாக இருந்த காம்பவுண்டில், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஆறாம் நம்பர் வீட்டுக்குள் நாலு மணி வந்தது, வந்தது வந்ததுதான், போகவில்லை. மற்ற ஏழு வீட்டிலும் நாலு மணி எப்போதும்போல ஒரு மணி நேரம் இருந்துவிட்டு ஐந்துக்கு இடம் விட்டது, ஐந்து ஆறானது, ஆறு ஏழானது, மாதா கோயில் மணி அடித்தது, கொசுவர்த்தி ஏற்றினார்கள், டீவியில் சீரியல் பாட்டுக் கேட்டது. ஆறாம் நம்பரில் மட்டும் மேற்கு ஜன்னல் வழியாக விழுந்த சாய்வெயில் சுவரில் அப்படியே கிடக்க, பிள்ளைகள் மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்துக் கப்பல் வரைந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் பிடிக்க வந்த இரண்டாம் நம்பர் செண்பகம் எட்டிப் பார்த்து, “இங்க இன்னும் நாலு மணிதான் போல” என்று சொல்லிவிட்டு, குக்கரில் மூன்று விசில் ஆகிவிட்டதே என்று வீட்டுக்கு ஓடினாள்.

ஏன் வந்தது, எதற்கு அந்த வீட்டுக்கு வந்தது என்று காம்பவுண்டில் ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் லாரி வந்தால் ஏன் வந்தது என்று கேட்கிற ஊரா அது, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஊர். கேட்டது ஒருத்திதான், நாலாம் நம்பர் ஜெசிந்தா, அதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. தன் வாசலில் நின்று எதிர்வீட்டுச் சுவரில் கிடந்த வெயிலைப் பார்த்தாள். ‘வரதுதான் வருது, என் வீட்டுக்கு வந்தா என்ன’ என்று நினைத்தாள்.

ஜெசிந்தாவின் புருஷன் மிக்கேல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஒரே மகள் ஷைனிக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் ஊருக்கு மறுகோடியில் இருந்ததால் வேன் ஏழு இருபதுக்கே காம்பவுண்டு வாசலில் வந்து ஹாரன் அடிக்கும், அந்த ஹாரனுக்கு முந்தின இருபது நிமிஷத்தை எட்டு வீடும் காதால் கேட்கும். “ஏட்டி சாக்ஸ் எங்க, ஏட்டி டைரி எங்க, முழுங்குட்டி, மெல்லாத முழுங்கு, வேன் வந்துரும்!” ஏழு மணிக்கு ஜெசிந்தாவை மிஞ்ச ஆளில்லை. ஒரு கையால் தோசையைத் திருப்பி, மறு கையால் சடை பின்னி, காலால் ஷூவைத் தள்ளிக் கொடுப்பாள், ஷைனி தலையைக் கொஞ்சம் ஆட்டினால் சீப்பால் மண்டையில் ஒன்று வைப்பாள். சாயங்காலம் ஐந்தே காலுக்கு வேன் திரும்பும், ஐந்தரைக்கு டியூஷன், ஏழரைக்கு வீடு. நாலு மணி என்று ஒன்று இருப்பதே ஷைனிக்குத் தெரியாது, அந்நேரம் அவள் எப்போதும் வேனுக்குள் யாருடையதோ புத்தகப்பைக்கு அடியில் நசுங்கிக்கொண்டிருப்பாள்.

ஆறாம் நம்பர் தமயந்தி வேறு மாதிரி. படகு எஞ்சின் பழுது பார்க்கிற புருஷன் இளவழகனோடும், நித்திலா, செழியன், மகிழ் என்ற மூன்று பிள்ளைகளோடும் போன வருஷம் குடி வந்தவள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. “நாங்க வீட்டுலயே படிக்கோம்” என்றாள். உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்று முதலில் காம்பவுண்டு பரிதாபப்பட்டது, பிறகு திமிரோ என்று சந்தேகப்பட்டது, பிறகு மறந்துவிட்டது. ஜெசிந்தா மறக்கவில்லை. ஜன்னல் திரையை இரண்டு விரல் அகலம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் என்ன படிக்கிறார்கள் என்று ஒரு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தவள் அவள்.

அந்தத் திங்கட்கிழமை அவர்கள் ஒன்பது மணிக்கு எழுந்தார்கள். பதினொன்று வரை ஆப்பம் சுட்டார்கள், ஒரு கரண்டி மாவுக்கு எத்தனை ஓட்டை விழுகிறது என்று எண்ணினார்கள், அதுதான் கணக்குப் பாடம். செவ்வாய்க்கிழமை கிணற்றில் கயிறு விட்டு ஆழம் அளந்தார்கள், அப்புறம் கயிற்றிலேயே ஊஞ்சல் கட்டி ஆடினார்கள். புதன்கிழமை ஒன்றுமே செய்யவில்லை. தமயந்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்க, பிள்ளைகள் அவளைச் சுற்றிப் படுத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள், தெரிந்ததற்குப் பதில் சொன்னாள், தெரியாததற்கு “தெரியலியே, நாளைக்குப் பாப்பமா” என்றாள். தெரியாது என்று சொல்லிவிட்டு ஒரு பெண்பிள்ளை எப்படி இவ்வளவு நிம்மதியாகக் கீரை உருவ முடியும் என்று ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்குள் காம்பவுண்டு நாலு மணியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆரம்பித்து வைத்தது செண்பகம். மழை மேகத்தால் இரண்டு நாளாக அவளுடைய மிளகாய் வற்றல் காயாமல் கிடந்தது. செவ்வாய்க்கிழமை அவள் ஆறாம் நம்பர் வாசலில் நின்று, காபிப்பொடி கேட்கிற குரலில், “தமயந்தி, ஒரு டம்ளர் நாலு மணி இருந்தாத் தாயேன்” என்று கேட்டாள். தமயந்தி ஜன்னலுக்குக் கீழே தேங்கிக் கிடந்ததை டம்ளரால் மொண்டு கொடுத்தாள். மாடியில் அதை ஊற்றி நிரவி விட்டதும், அரை மணியில் மிளகாய் சலசலவென்று காய்ந்தது. அதற்குப் பிறகு வரிசைதான். ராத்திரி ஷிப்டு முடிந்தும் தூக்கம் வராத எட்டாம் நம்பர் சுடலை ஒரு சொம்பு வாங்கிப்போய்க் கட்டிலுக்கடியில் வைத்துக் குறட்டை விட்டான். மூன்றாம் நம்பர் புதுமாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஓய்வுபெற்ற ராஜாமணி டீச்சர்கூட, “பாடத்திட்டத்துல இல்லாத நேரம்” என்று முகத்தைச் சுளித்துவிட்டு, பேப்பர் படிக்க ஒரு டம்ளர் வாங்கினார். வீட்டுக்காரர் தேவசகாயம் வந்து பார்த்து, சுவரில் பெயிண்ட் வெளுக்காதே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எவ்வளவு மொண்டாலும் அது குறையவில்லை.

அந்தப் பக்கத்தில் இரவல் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். சாம்பார் வந்த கிண்ணம் அவியலோடு போகும், ஒன்றுமே இல்லாத வீடானால் ஒரு பிடி கல் உப்பாவது போட்டு அனுப்பும். ஆகவே ஆறாம் நம்பருக்கு டம்ளர்கள் இரண்டு முறுக்கோடும், நாலு கருவாட்டோடும், ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடும் திரும்பி வந்தன. அடுப்பே பற்றவைக்காமல் அந்த வீட்டில் சாப்பாடு நடப்பதை ஜெசிந்தா திரை வழியாகப் பார்த்தாள். அவள் மட்டும் போய்க் கேட்கவில்லை. “நமக்கு எதுக்கு அதெல்லாம், நமக்கு வேலை வெட்டி இருக்கு” என்று மிக்கேலிடம் சொன்னாள். அவன், “நான் ஒண்ணும் கேக்கலியே” என்றான். அதற்கும் அவனை ஏசினாள்.

புதன்கிழமை ஏழரைக்கு ஷைனி வரவில்லை. டியூஷன் டீச்சருக்குப் போன் போட்டால், “ரெண்டு நாளா வரலியே” என்றார்கள். ஜெசிந்தா செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்கினாள். தேட வேண்டியிருக்கவில்லை. ஆறாம் நம்பர் கூடத்தில், சாய்வெயில் முகத்தில் விழ, தமயந்தியின் மடியில் தலை வைத்து மல்லாந்து படுத்துக்கொண்டு, ஷைனி ஒரு கதைப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கு எழுத்து திக்குகிற பிள்ளை. இங்கே சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, அரக்கன் பேசினால் அரக்கன் குரலில் பேசி, வாய்க்கால் தண்ணீர் போல வாசித்தாள். தமயந்தியின் விரல்கள் அவள் தலையில் பேன் பார்க்கிற சாக்கில் மெல்ல அளைந்துகொண்டிருந்தன. ஜெசிந்தா அந்த விரல்களையே பார்த்தாள். தன் விரல் அந்தத் தலைக்குள் சீப்பில்லாமல் கடைசியாக எப்போது போனது என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை, வராததற்கும் சேர்த்துத் தமயந்தியை வெறுத்தாள்.

“ஏட்டி, எந்திரி.”

ஷைனி எழுந்து உட்கார்ந்தாள். வாசிப்பு நின்றுபோனது. “எம்மா, நீயும் உள்ள வாயேன், இங்க நாலு மணிதான் ஆகுது” என்றாள்.

“உள்ள வாங்கக்கா” என்றாள் தமயந்தி.

“எனக்கு அடுப்புல வேலை கெடக்கு” என்று சொல்லி, மகளின் மணிக்கட்டைப் பிடித்து ஜெசிந்தா இழுத்துக்கொண்டு போனாள். முற்றத்தைத் தாண்டும்போது ஷைனி மூன்று தரம் திரும்பிப் பார்த்தாள், ஜெசிந்தா அதை எண்ணிக்கொண்டே நடந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. தன் பிள்ளை இன்னொருத்தி மடியில் படுத்துக்கொண்டு தன்னை உள்ளே வா என்று விருந்தாளியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டதை எந்தத் தாயால் பொறுக்க முடியும்?

வியாழக்கிழமை மத்தியானம் அவள் ஆறாம் நம்பருக்குப் போனாள். இரவல் கேட்க வந்தவளாகத் தெரியக் கூடாது என்று கையை வீசிக்கொண்டு, பாத்திரமில்லாமல் போனாள். அங்கே பிள்ளைகள் வாழைப்பழத் தோலுக்கு வருகிற எறும்புகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள், அன்றைய பாடம் அது. ஜெசிந்தா வெயிலைப் பற்றிப் பேசினாள், தண்ணீரைப் பற்றிப் பேசினாள், கடைசியில், “எங்க ஷைனி ஒரேயடியா இங்கயே கெடக்கா, அவளுக்குக் கொஞ்சம் நாலு மணி அங்க இருந்தா வீட்டோட இருப்பா” என்றாள்.

“இதை நேத்தே கேக்கக்கூடாதாக்கா?” என்று சொல்லி, தமயந்தி தன் பெரிய எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்து, விளிம்பு வரை நிரப்பி, மூடி போட்டுக் கொடுத்தாள். “வாளிய மெதுவாக் கொண்டு வாங்க, அவசரமில்ல.” அவசரமில்ல என்று அவள் சொன்ன விதம் ஜெசிந்தாவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஷைனி வந்ததும் கதவைச் சாத்திவிட்டு மூடியைத் திறந்தாள். நாலு மணி பொங்கி, தரையில் பரவி, நாற்காலிக் காலெல்லாம் பொன்னிறமாகி, எங்கிருந்தோ ஏலக்காய் டீ வாசனை வந்தது. ஷைனி கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள், ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் ஜெசிந்தாவுக்கு உலகத்தில் யார் மேலும் பொறாமை இல்லை. அந்த நிமிஷத்தோடு அவள் நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் ஒரு வருஷமாக மூச்சு முட்ட ஓடினவள் கையில் இவ்வளவு நேரத்தைக் கொடுத்தால் அவள் என்ன செய்வாள்? விட்டுப்போன வீட்டுப்பாடம் கண்ணுக்குத் தெரிந்தது. “சரி, நேரம் நெறைய இருக்கு, மொதல்ல பதினாறாம் வாய்ப்பாட்ட முடிச்சிரு” என்றாள். அது முடிந்தது, இன்னும் நாலு மணிதான். இங்கிலீஷ் ஸ்பெல்லிங், இன்னும் நாலு மணிதான். அரைப்பரீட்சைக்கான பாடம், முழுப்பரீட்சைக்கான பாடம், அடுத்த வருஷத்து இந்திப் பாடம் என்று பிள்ளையின் விரல் சிவந்து வீங்குகிறவரை எழுத வைத்தாள். மெல்ல மெல்ல வெயில் வெளிறி, டியூஷன் வீட்டு டியூப்லைட் நிறத்துக்கு வந்தது, ஏலக்காய் வாசனை போய்ச் சாக்பீஸ் வாசனை அடித்தது, கடைசியில் தரை ஓரத்தில் பிசுக்காக ஒட்டிக்கொண்டு தீர்ந்தும் போனது.

ஷைனி நோட்டை மூடினாள். “நம்ம வீட்டு நாலு மணி நல்லால்லம்மா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உப்புக் கம்மி என்று சொல்கிறமாதிரி சொன்னாள்.

அதே நாலு மணி, அதே வாளி, அங்கே இனித்தது இங்கே கசக்கிறதென்றால் கோளாறு எங்கே என்று ஒரு கேள்வி ஜெசிந்தாவுக்குள் தலையெடுத்தது. அவள் அதை அமுக்கினாள். ‘நல்லத வச்சிக்கிட்டு அடிமண்டியத்தான் எனக்குத் தந்திருக்கா’ என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, ஏழு மணி. குக்கர் கத்துகிறது, ஒற்றை சாக்ஸைக் காணோம், ஷைனியின் வாயில் அரைத் தோசை, மிக்கேல் குளியலறைக்குள்ளிருந்து துண்டு கேட்கிறான், ஜெசிந்தா மூன்று பேருக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருக்கிறாள். அப்போது அலமாரியில் காலித் தூக்குவாளி கண்ணில் பட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டும், வெறுமையாகக் கொடுக்கக் கூடாது. டப்பா நிறைய அதிரசம் இருந்தது. அவள் அதிரசத்தை எடுக்கவில்லை. வாளியின் மூடியைத் திறந்து, அந்தச் சமையலறைக்கு நடுவே ஏந்திப் பிடித்தாள். கத்தலும் புகையும் ஹாரனும் ‘மெல்லாத முழுங்கு’மாக அந்த ஏழு மணி முழுவதும் மடமடவென்று வாளிக்குள் இறங்கியது. மூடியை அழுத்திச் சாத்தினாள். உள்ளே அது பொரிந்துகொண்டிருந்ததில் வாளியின் அடி சுட்டது.

சனிக்கிழமை அவளுக்கு மனசு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு தரம் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள், கொட்டிவிடலாம் என்று. இரண்டாம் தரம் மூடியில் கை வைக்கும்போது, முற்றத்தைத் தாண்டித் தமயந்தி வீட்டுச் சிரிப்புக் கேட்டது. பழைய சேலையைக் கூடாரமாகக் கட்டி, ஐந்து பேரும் உள்ளே உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சிரிப்பில் ஆறாவதாக ஒரு குரல் இருந்தது. அது ஷைனியின் குரல். ஜெசிந்தா வாளியை வீட்டுக்குள் கொண்டு வந்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சேலைகூட மாற்றாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“ஏதாவது போட்டுத்தான் தரணுமாக்கா? வெறும் வாளியாத் தந்தா வேண்டாம்னா சொல்லப்போறேன்?”

“வெறும் பாத்திரம் கொடுக்கலாமா தமயந்தி? எங்க வீட்டுல இருக்கதத்தான் போட்டிருக்கேன்.”

அதில் பொய் ஒன்றுமில்லை. தமயந்தி வாளியைப் பரணில் வைத்து, “பெறகு பாக்கேன்” என்றாள். எதையும் பிறகு பார்க்கிறவள்தானே.

திங்கட்கிழமை ஜெசிந்தா அடுப்படியில் நின்றபோது கடிகாரம் ஆறு ஐம்பத்தொன்பது காட்டியது. அடுத்து எட்டு காட்டியது. வாளியோடு கொடுத்துவிட்டதில் அந்த வீட்டில் ஏழு மணி இல்லாமல் போயிருந்தது. வேன் எப்போதோ வந்து, ஹாரன் அடித்து, போயிருந்தது. ஷைனி பாவாடையோடு நின்று கண்ணைக் கசக்கினாள். கத்துவதற்கு ஜெசிந்தா வாயைத் திறந்தாள், எதற்குக் கத்துவதென்று தெரியவில்லை. வீடு அமைதியாக இருந்தது. ஒரு முழு நாள் வாசற்படி வரை பரந்து கிடந்தது.

“இன்னைக்கு நான் வீட்டுலயா?” என்று ஷைனி கேட்டாள். கண் விரிந்தது. “எம்மா, நாம என்ன செய்வோம்?”

ஜெசிந்தா யோசித்தாள். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தாள். ஷூ அளவு தெரியும், ரோல் நம்பர் தெரியும், எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் என்று தெரியும். என்ன பிடிக்கும் என்பது மட்டும் தெரியவில்லை. ஆப்பமா, கயிறா, எறும்பா? “நீயே சொல்லேன்” என்றாள்.

“ஆறாம் நம்பருக்குப் போவட்டா?”

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். ஷைனி ஓடினாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள், வந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

“என்னட்டி?”

“அந்த அத்தை கத்துதாவ” என்றாள். “நித்திலாவுக்குச் சடை பின்னும்போது சீப்பால மண்டையில அடிச்சாவம்மா. மெல்லாத முழுங்குன்னு மகிழ் வாயில திணிக்காவ. அவன் அழுதான்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அப்படியே உன்ன மாதிரி இருக்காவ.”

அந்தப் பெண் தன்னைப் போல ஆக வேண்டும், ஒரே ஒரு நாளாவது ஆக வேண்டும் என்று ஜெசிந்தா ஒரு வருஷம் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். ஆகிவிட்டாள். தன்னைப் போல இருப்பது என்றால் என்னவென்று மகள் வாயாலேயே கேட்டாயிற்று. அவள் எழுந்து, அள்ளி முடியாத தலையோடு முற்றத்தைக் கடந்தாள்.

குழாயடியில் செண்பகம், “ஆறாம் நம்பர்ல நாலு மணி போயிட்டுக்கா, இப்ப அங்க ஏழு மணி” என்று தகவல் சொல்லிவிட்டு, காயாத அப்பளத்தை வேறு வெயிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் திறந்த தூக்குவாளி உருண்டு கிடந்தது. பிள்ளைகள் மூன்று பேரும் துணிப்பையை முதுகில் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். தமயந்தியின் நெற்றியெல்லாம் வியர்வை, வாயில் ஹேர்பின், ஒரு கை சடையில், ஒரு கை தோசைக் கரண்டியில்.

“தமயந்தி, எங்க போறிய எல்லாரும்?”

“தெரியலக்கா” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். “ஆனா நேரமாச்சு.”

“நான் ஒண்ணு சொல்லணும்.”

“சீக்கிரம் சொல்லுங்க, வேன் வந்துரும்.”

ஜெசிந்தா சொன்னாள். நாலு மணியைப் பார்த்து வயிறெரிந்ததைச் சொன்னாள், திரை வழியாகப் பார்த்ததைச் சொன்னாள், மடியில் கிடந்த தலையைச் சொன்னாள், அதிரசத்தை விட்டுவிட்டு வாளியில் என்ன பிடித்தாள் என்பதையும், சனிக்கிழமை கொட்டப் போய்க் கொட்டாமல் வந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவளுக்கு அவசரமே இல்லை, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். தமயந்திக்குக் கேட்க நேரமில்லை. “சரிக்கா, சரிக்கா, பெறகு பாப்போம், நித்திலா தலையை ஆட்டாத” என்று சொல்லிக்கொண்டே ரிப்பனைத் தேடி உள்ளே ஓடினாள்.

கேட்டது ஷைனிதான். அம்மாவுக்குப் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்று முழுவதையும் கேட்டிருந்தாள்.

“எம்மா, அத்தைய இப்படி ஆக்குனது நீயா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது வயசுப் பிள்ளை, நம்பியிருக்கும். ஜெசிந்தா படியில் அவளுக்கு நேராக உட்கார்ந்தாள். “ஆமாட்டி” என்றாள், “நான்தான்.”